கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள்



மரப் பெஞ்சு வாங்கப் போகிறவர் முதலில் அதில் உட்கார்ந்து பார்ப்பார். பிறகு கையால் தடவுவார். வார்னிஷ் மினுமினுத்தால் விலை கேட்பார். கூடத்துக்குள் கிடக்கிற பெஞ்சுக்கு அந்தப் பரிசோதனை போதும். வாசலில் வெயிலும் மழையும் வாங்கப்போகிற பெஞ்சு என்றால், அதைக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். செய்தவருக்கு வேலை தெரியுமா தெரியாதா என்பதை அதன் அடிப்பாகம் சொல்லிவிடும். கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்யலாம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு. அவர்களும் யோசனையைக் கீழிருந்தே தொடங்கினால் நல்லது.

வெண்ணந்தூரை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். ராசிபுரம் வட்டத்தில், கிழக்கே போதமலை தெரிகிற நெசவு ஊர். தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கூடவே வரும். விசைத்தறிப் பட்டறையில் பல மணி நேரம் நின்று வேலை பார்த்தவர் வெளியே வந்ததும் தேடுவது உட்கார ஓர் இடம். பழைய வீடுகளில் அதற்குத் திண்ணை இருந்தது. காம்பவுண்டுச் சுவரும் இரும்புக் கேட்டும் வந்தபின் திண்ணை போய்விட்டது. இப்போது பாலத்துக் கட்டையிலும், நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளின் மேலும் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

கல்லுக்குப் பஞ்சமில்லாத சீமை ஆயிற்றே, இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக் கல்லைப் போட்டால் தீர்ந்தது, மரம் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி சரிதான். நாமக்கல் கோட்டையே ஒரே பாறை மேல்தான் நிற்கிறது. ஆனால் சித்திரை மாதத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது இருட்டிய பிறகும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கருங்கல் வெப்பத்தைக் கடத்தும் வேகம் மரத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். மரமும் சுடும், ஆனால் நிழல் விழுந்த சற்று நேரத்தில் ஆறிவிடும். மார்கழி விடியலில் இதற்கு நேர்மாறு: கல் சில்லென்று ஏறும், மரம் உடம்புக்கு இதமாக இருக்கும். எனவே ஊர்ப் பொது இடத்துக்குக் கல் இருக்கட்டும். வீட்டு வாசலுக்கு என் ஓட்டு மரத்துக்கு.

வெளிநாட்டுப் புத்தகங்களில் வெளிப்புற மரவேலை என்றால் மழை, மழை என்றே எழுதியிருக்கும். நம் பக்கத்து நிலவரம் வேறு. ஆடியில் தூறி, ஐப்பசியில் சில நாள் அடித்துப் பெய்து ஓய்ந்துவிடும். இங்கே மரத்தை அதிகம் வதைப்பது வெயில். அடுத்தது செம்மண்ணுக்குள்ளிருந்து ஏறுகிற கறையான். மழை மூன்றாவதுதான். ஆனாலும் அந்த மூன்றாவது எதிரி ஓர் இடத்தில் தேங்க வழி கிடைத்தால் மற்ற இருவரையும் முந்திக்கொள்ளும். மரத்தில் ஈரம் இருபது சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகத் தொடங்கும். நனைந்த பெஞ்சு கெடுவதில்லை; நனைந்து காயாத பெஞ்சுதான் கெடுகிறது.

எந்த மரம்? தேக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கலாம். என்னைக் கேட்டால் வாசல் பெஞ்சுக்கு வேம்பு போதும். கறையான் அதை எளிதில் அண்டாது. இழை முறுக்கிக்கொண்டு ஓடும், இழைப்புளிக்குத் தொல்லை கொடுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கருவேலம் இன்னும் வலுவானது. ஆனால் அதில் துவர்ப்புச் சத்து அதிகம். வெறும் இரும்பு ஆணி அடித்தால் ஈரம் பட்டதும் ஆணியைச் சுற்றி மை கொட்டியதுபோலக் கறுத்துவிடும், துரு வீங்கிப் பலகையையும் பிளக்கும். துத்தநாகம் பூசிய போல்ட்டோ எவர்சில்வர் ஸ்குரூவோ போடுங்கள். பூவரசும் வாகையும் கிடைத்தால் விடாதீர்கள்.

மரத்தின் பெயரைவிட அதன் எந்தப் பாகம் என்பது முக்கியம். நடுவில் கறுத்திருக்கும் வைரம்தான் வெளியே நிற்கும். ஓரத்து வெளிறில் மாவுச்சத்து இருக்கிறது. வண்டு அதைத் தேடி வந்து துளைத்து உளுக்க வைக்கும். வெட்டிய மரத்தை மாதக்கணக்கில் குளத்திலோ கிணற்றிலோ ஊறப்போடும் பழைய வழக்கத்துக்குக் காரணம் அதுதான்: ஊறும்போது அந்தச் சத்து கரைந்து வெளியேறும். அறுவை மில்லில் வாங்கும்போது வெளிறு ஒட்டிய சட்டத்தை மலிவு என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பனை பற்றியும் கேட்பீர்கள். முதிர்ந்த பனையின் வெளிப்புறம் இரும்பு, உள்ளே சோறு. நெடுக்கப் பிளந்து பெஞ்சாகப் போட்டிருப்பதைத் தோட்டங்களில் பார்க்கலாம். நன்றாகத்தான் உழைக்கும். ஆனால் அதன் சிம்பு தொடையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு, நன்றாக இழைக்காமல் போடக்கூடாது. தவிர, பனை தமிழ்நாட்டின் மாநில மரம். வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. விழுந்து கிடக்கும் மரம் அமைந்தால் பாருங்கள், பெஞ்சுக்காக நிற்கிற பனையில் கை வைக்க வேண்டாம்.

சரக்குப் பெட்டிகளை உடைத்த பலகையும் உண்டு. லாரி ஊர்களுக்கு நடுவில் இருக்கிறோம், அதற்குக் குறைவில்லை. அதில் முத்திரை பார்த்து வாங்குங்கள். எச்.டி. என்று இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம். எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது, அதை ஒதுக்குங்கள்.

லாரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வெயில் மழையில் மரம் எப்படி நிற்க வேண்டும் என்பதை இந்தப் பக்கத்தில் நன்றாக அறிந்தவர்கள் கட்டில் பீரோ செய்கிறவர்கள் அல்லர். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற தச்சர்கள். இரும்புத் தகடு வந்து மரம் குறைந்துவிட்டது, இருந்தாலும் மரத்தளம் போட்ட லாரி ஒன்று நின்றால் குனிந்து அதன் அடியைப் பாருங்கள். பலகையை ஆணியால் அடித்திருக்க மாட்டார்கள். குறுக்குச் சட்டத்தோடு போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஆணி ஆட்டத்தில் கழன்றுவிடும். நட்டு தளர்ந்தால் ஸ்பேனரால் மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். ஒரு பலகை போனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். வாசல் பெஞ்சுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. திருச்செங்கோட்டு வைகாசித் தேரிலும் நாம் அண்ணாந்து பார்ப்பது அலங்காரத்தை. பாரம் முழுவதையும் சுமப்பது அச்சும் அதன் மேல் கிடக்கிற குறுக்குச் சட்டங்களும்.

இனி செய்முறை. உட்காரும் இடத்துக்கு ஒரே அகலப் பலகை வேண்டாம். பலகை நீளவாக்கில் அசையாது. அகலவாக்கில் விரியும், சுருங்கும். ஆறு அங்குலப் பலகை சித்திரைக்கும் ஐப்பசிக்கும் இடையில் இரண்டு மில்லிமீட்டர் வரை நகரும். மேல்முகம் வெயிலில் காய்ந்து அடிமுகம் நிழலில் இருப்பதால் அகலப் பலகை வளைந்து குழியாகும், குழியில் தண்ணீர் நிற்கும். மூன்று அங்குல அகலத்தில் நான்கைந்து சட்டங்களாகப் போடுங்கள். இடையே ஒரு பென்சில் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். மழை நீர் அதன் வழியே இறங்கும், காற்றும் ஓடும்.

ஸ்குரூவை மேலிருந்து ஏற்றாதீர்கள். மேலே தலை தெரிந்தால் அது ஒரு குட்டிக் குளம். அடியில் குறுக்குச் சட்டத்தின் வழியாக மேல்நோக்கி ஏற்றுங்கள். முதலில் பர்மாவால் துளை போட்டுக்கொள்ளுங்கள், பலகை பிளக்காது. தொடக்கத்தில் நான் சொன்ன கவிழ்த்துப் பார்க்கும் சோதனையில் முதல் மதிப்பெண் இதற்குத்தான்.

பலகையின் கனத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஓர் அங்குலத்துக்குப் பதில் ஒன்றரை அங்குலம் போட்டால் மரச் செலவு ஒன்றரை மடங்குதான் ஆகும். வளையாமல் நிற்கும் வலு மூன்று மடங்குக்கு மேல் ஆகும். நான்கடிப் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்வார்கள், கல்யாண வீட்டில் நான்கு பேர். அதற்குக் கணக்குப் போட வேண்டும்.

கால்களை எங்கே வைப்பது என்பதில்தான் டீக்கடைப் பெஞ்சுகள் பெயர் கெட்டுப்போயின. காலை ரொம்ப உள்ளே தள்ளி வைத்துவிடுவார்கள். இந்த ஓரத்தில் ஒருவர், அந்த ஓரத்தில் ஒருவர். ஒருவர் டீ வாங்க எழுந்ததும் இன்னொருவர் தரையில். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு, விழுந்தவருக்கு இடுப்புவலி. பலகை காலைத் தாண்டி ஆறு அங்குலத்துக்கு மேல் நீள வேண்டாம். காலைச் சற்று வெளிப்பக்கம் சாய்த்து வைத்தால் இன்னும் உறுதி. நீளவாக்கில் ஆடாமல் இருக்க, இரு பக்கக் கால்களையும் கீழே ஒரு சட்டத்தால் இணையுங்கள். துளையும் கழுந்துமாகச் சேர்க்கத் தெரிந்தவர்கள் கழுந்தின் கனத்தைச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்காக எடுத்து, மர ஆணி அறைந்துகொள்ளலாம். தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை, போல்ட்டு இருக்கிறது.

அமெரிக்கச் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டு 1935-இல் விஸ்கான்சினில் தேய்ந்துபோன பண்ணை நிலம் ஒன்றை வாங்கினார். அங்கே இருந்த குடிசைக்கு அவர் செய்துகொண்ட பெஞ்சு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. பக்கத்துக்கு இரண்டு பலகைகள் சாய்வாக நிற்கும்; அவற்றில் நீளமானது மேலே நீண்டு முதுகுப் பலகையைத் தாங்கும். கழுந்து இல்லை, வளைவு இல்லை. ரம்பமும் துளை போடும் கருவியும் இருந்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம். முதல் முறை செய்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன், ஒரு திருத்தத்தோடு: அவருடைய ஒற்றைப் பலகை இருக்கை அந்தக் குளிர் நாட்டுக்குச் சரி, நம் வெயிலுக்கு அந்த இடத்தில் சட்டங்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் நமக்குக் கொஞ்சம் நெருக்கமானவர். ஜார்ஜ் நாகஷிமா, ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த கட்டடக்கலைஞர். 1937-இல் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்துக்கான கோல்கொண்டா விடுதிக் கட்டட வேலையை முன்னின்று நடத்தினார். அதற்கான தேக்குச் சாமான்களையும் வடிவமைத்தார். பிறகு இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கா அவரை ஒரு முகாமில் அடைத்துவைத்தது. அங்கேதான் ஜப்பானிய முறையில் தேர்ந்த ஒரு தச்சரிடம் கைவேலையை ஆழமாகக் கற்றார். பலகையில் விழுந்த வெடிப்பை அவர் மறைத்ததில்லை. வண்ணத்துப்பூச்சிச் சிறகு வடிவில் சிறு துண்டு வெட்டி, வெடிப்பின் குறுக்கே பதித்து, அதற்குமேல் ஓடாமல் தடுத்துவிடுவார். உங்கள் வேம்புச் சட்டம் பங்குனியில் வெடித்தால் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைக்காதீர்கள், அடுத்த கோடையில் உதிர்ந்துவிடும். நாகஷிமாவின் வழியை முயன்று பாருங்கள்; ஓர் உளியும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

உயரம் பதினேழு அங்குலம் என்பது பொதுக் கணக்கு. வெண்ணந்தூர் போன்ற ஊரில் அதை அப்படியே எடுக்கக்கூடாது என்பது என் எண்ணம். குழித்தறியில் கால் மிதித்தே வயதானவர்கள் இருக்கும் வீட்டில், எழுந்திருக்கும்போது முழங்கால் சொன்னபடி கேட்காது. பத்தொன்பது அங்குலம் வையுங்கள், ஊன்றி எழ ஓரத்தில் ஒரு கைப்பிடியும் வையுங்கள். குழித்தறியை மூடிவிட்டவர்கள் பரணில் போட்டிருக்கும் பழைய தறிமரம் இருந்தால் அந்தக் கைப்பிடிக்கு எடுத்துக்கொள்ளலாம். பல ஆண்டு காய்ந்த மரம், இனிமேல் முறுக்காது.

பூச்சில் வார்னிஷை நான் சிபாரிசு செய்யமாட்டேன். முதல் கோடையிலேயே தோல் உரியும். உரிந்த ஓரத்தில் நீர் புகுந்து வெளியேற முடியாமல் நிற்கும். கழிவு ஆயில் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள், வேட்டியோடு உட்கார்ந்தால் தெரியும். ஆளிவிதை எண்ணெய் நல்லது. ஆண்டுக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போட்டு அப்புறப்படுத்துங்கள். பஞ்சும் நூலும் கிடக்கிற வீடுகளில் இது விளையாட்டில்லை.

கடைசியாகக் கால் நுனி. குறுக்கே அறுத்த முகம் மற்ற முகங்களைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். எண்ணெய் குடிக்கும் மட்டும் அந்த இடத்துக்குக் கொடுங்கள். மண்ணில் ஊன்றாமல் ஒவ்வொரு காலுக்கும் ஒரு சில்லுக் கல் வையுங்கள். கறையான் ஏறினாலும் கல்லின் மேல் மண்பாதை தெரியும், விளக்குமாற்றால் தட்டிவிடலாம். அப்படியும் சில ஆண்டு கழித்து நுனி இற்றுப்போனால் ஓர் அங்குலம் அறுத்து எடுத்துவிட்டு, கல்லை ஓர் அங்குலம் கனமாக மாற்றுங்கள். உயரம் குறையாது.