தங்கும் கிருமி, விலகும் கிருமி

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி, பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் நூற்றுக்குச் சுமார் 90 பேரிடம் நாள்பட்ட நோயாகத் தங்கிவிடுகிறது. வளர்ந்தவர்களில் 5 பேருக்கும் குறைவு. வயதுதான் பெரிய காரணம். ஆனாலும் ஒத்த வயதினரிடையே வேறுபாடு ஏன்? அங்கேதான் மரபணு குறுக்கிடுகிறது.

6ஆம் குரோமோசோமில் இருக்கும் ஹெச்.எல்.ஏ. மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள், கிருமியின் துணுக்கைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்தி நின்று நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களுக்குக் காட்டுகின்றன. சரியாகக் காட்டினால்தான் எதிர்ப்பு வலுப்படும். இந்த ஹெச்.எல்.ஏ. குடும்பத்தைச் சேர்ந்த டி.ஆர்.பி.1 மரபணுவின் 13:02 வகையைப் பெற்றவர்கள் கிருமியை எளிதாக விரட்டுவதை 1995இல் காம்பியா ஆய்வு காட்டியது. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதே குடும்பத்தின் டி.பி. மரபணுக்களைச் சுட்டினர்.

கிழக்காசியர் சிலரிடமோ கிருமிக்கு வாசலிலேயே தடை: கல்லீரல் செல்லுக்குள் கிருமி நுழையப் பயன்படுத்தும் என்.டி.சி.பி. புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது.