இரு நெஞ்சும் ஒரு நெஞ்சே



தமிழில் ‘நெஞ்சு’ என்னும் சொல் மார்பையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். ‘நெஞ்சு கனக்கிறது’ என்று முதியவர் ஒருவர் சொன்னால், எந்த நெஞ்சு என்று நாம் கேட்டறிய வேண்டியிருக்கிறது. இவ்விரண்டிற்கும் உள்ள உறவு சொல்லளவில் நிற்பதன்று, உடலினுள்ளும் உண்டு. அதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

திருநெல்வேலி மாவட்டத்துக் கடற்கரையில் அமைந்த ஊர் உவரி. சுயம்புலிங்க சுவாமி கோயிலும் அந்தோணியார் திருத்தலமும் அவ்வூருக்குப் புகழ் தருவன; கடல்தொழில் வாழ்வு தருவது. வள்ளங்கள் கடலுக்குச் சென்ற பின்னர், மணலில் அமர்ந்து அலையையே நோக்கியிருக்கும் முதியோரை அங்கே நான் கண்டிருக்கிறேன். வாடைக்கும் கொண்டலுக்கும் வேற்றுமை அறிந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். பலர் வலையைப் பழுது பார்த்தும், பேரப்பிள்ளைகளோடு பேசியும் பொழுதை இனிது போக்குகின்றனர். சிலரோ பேச்சைக் குறைத்து, உணவில் விருப்பம் இழந்து, உறக்கமின்றி ஒடுங்கிவிடுகின்றனர். “வயசாயிட்டு, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டார் இருந்துவிடுகிறார்கள்.

அது தவறு. நெய்தல் நிலத்திற்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தனர் நம் முன்னோர். ஆயினும், இரண்டு வாரத்திற்கு மேலும் நாள்தோறும் நீடிக்கும் மனச்சோர்வு மூப்பிற்கு உரிய இயல்பு அன்று, அது நோய்.

அந்நோய் இருதயத்தை எவ்வாறு தாக்குகிறது? மனம் சோர்ந்திருக்கும்போது உடல் ஓயாத நெருக்கடியில் இருப்பதுபோல் இயங்குகிறது. கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் மிகுகின்றன. நாடித்துடிப்பின் இயல்பான ஏற்றத்தாழ்வு குறைகிறது. குருதித் தட்டணுக்கள் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குருதிக்குழாய்களில் அழற்சி கூடுகிறது. சோர்ந்தவர் நடப்பதை விடுகிறார், மருந்தை மறக்கிறார், புகையிலையை நாடுகிறார். மறுபுறம், மாரடைப்பே மனச்சோர்வைக் கொண்டுவருவதும் உண்டு. மாரடைப்பு வந்தவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு காணப்படுகிறது.

கனடாவின் மான்ட்ரியல் நகரில், மாரடைப்பிலிருந்து பிழைத்த 222 பேரை ஆறு மாத காலம் ஆராய்ந்து, 1993இல் முடிவை வெளியிட்டனர். இருதயம் பழுதுற்ற அளவைக் கணக்கிற்கொண்ட பின்னரும், மனச்சோர்வு உற்றவர்க்கு மரண அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. கேரளத்தில் பிறந்த மருத்துவ அறிஞர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து, 2004இல் வெளியான ஆய்வும், மாரடைப்பிற்குரிய ஒன்பது முக்கியக் காரணிகளுள் மன நெருக்கடியையும் ஒன்றாக வைத்தது.

திடீர்த் துயரம் செய்யும் கேடு வேறொன்று. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் அதனை விவரித்தனர். பெருந்துயரின் அதிர்ச்சியால் இருதயத்தின் இடது கீழறை, குறுகிய கழுத்தும் பருத்த வயிறும் உடைய குடம்போல் வீங்குகிறது. அந்நாட்டு மீனவர் பேய்க்கணவாய் பிடிக்கும் குடத்தின் பெயரையே அவர்கள் அந்நோய்க்குச் சூட்டினர்: ‘தகோட்சுபோ’. ஐம்பதைக் கடந்த பெண்களிடமே இது மிகுதி. தக்க சிகிச்சை பெற்றால், பெரும்பாலோர் சில வாரங்களில் தேறுகின்றனர்.

மனச்சோர்வைத் தீர்த்தால் ஆயுள் நீளுமா? 2003இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், சிகிச்சையால் சோர்வு தணிந்தது, மரணம் குறையவில்லை. ஆயினும், வாழும் நாள் ஒளியுடன் அமைவதும் பெரும்பேறு அன்றோ? செர்ட்ராலின் என்னும் மருந்து இருதய நோயாளர்க்கும் தீங்கின்றிப் பயன்படும் என்று 2002இலேயே மற்றோர் ஆய்வு காட்டியுள்ளது. உரையாடல் வழிச் சிகிச்சையும் நாள்தோறும் நடத்தலும் உதவுகின்றன.

இளைஞர்களாகிய நீங்கள் செய்யத்தக்கவை மூன்று. பாட்டையாவின் மௌனத்தைக் கவனியுங்கள். உண்டாரா, உறங்கினாரா என்று கேளுங்கள். சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைத்தும் ஆலோசனை பெறலாம். மார்பு வலித்தால் அதனை மனக்கவலை என்று ஒதுக்காமல், உடனே 108ஐ அழையுங்கள்.

காற்றையும் கடலையும் பற்றி அவர்களிடம் கேட்டுக் கற்பதற்கு எவ்வளவோ இருக்கின்றது. இன்று மாலையே சென்று அருகில் அமருங்கள்.