ஃப்யூஸ் போனால் தடித்த கம்பி வேண்டாம்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மின் பொறியாளர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். புது டிரான்ஸ்ஃபார்மருக்கு சார்ஜ் கொடுத்த இரவு பராமரிப்புக் குழு சார்பில் வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். அன்று பார்த்ததையும் கேட்டதையும் சொல்கிறேன்.

நம்முடையது 250 கேவிஏ. 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்கித் தருகிறது. முழு லோடில் ஹெச்டி பக்கம் சுமார் 13 ஆம்பியர், நம் எல்டி பக்கம் சுமார் 333 ஆம்பியர் ஓடும்.

அன்று சார்ஜ் கொடுத்ததும் எல்டி பக்கம் ஒரு ஃப்யூஸ் போனது. மாற்றினார்கள், மறுபடியும் போனது. "தடிமனா ஒரு கம்பியைப் போட்டு விடுங்க சார், பிள்ளைங்களுக்கு நாளைக்குப் பரீட்சை" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அவசரம் நியாயமானது, யோசனைதான் ஆபத்தானது.

வங்கியில் கணக்கு டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் வித்தியாசம் எங்கும் போய்விடாது. தடித்த கம்பியும் அப்படித்தான். உருக வேண்டிய ஃப்யூஸ் உருகாமல் கேபிள் எரியும், அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் வைண்டிங் எரியும். உள்ளே இருப்பதோ எண்ணெய். பக்கத்தில் நம் வாகனங்கள் நிற்கின்றன.

வந்திருந்த ஃபோர்மேன் வவுச்சர் வவுச்சராகச் சரிபார்ப்பது போல் வேலை செய்தார். முதலில் எல்டி ஃபீடர்கள் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் சார்ஜ் கொடுத்தார். அந்தக் கணத்தில் ஹெச்டி பக்கம் வழக்கத்தைப் போல எட்டு, பத்து மடங்கு கரண்ட் பாய்ந்து உடனே அடங்குமாம். அதையும் தாங்கியது. சீரான ரீங்காரம் மட்டும்தான் கேட்டது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மூன்று அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. ஆக, டிரான்ஸ்ஃபார்மரில் கோளாறு இல்லை.

பிறகு ஒவ்வொரு ஃபீடரையும் மெக்கர் வைத்துப் பார்த்தார். மூன்றாவது கேபிளில் ஒரு கோருக்கும் எர்த்துக்கும் இடையே இன்சுலேஷன் கிட்டத்தட்ட பூஜ்யம். தோண்டிப் பார்த்தால் பி பிளாக் அருகே ஜாயின்ட்டில் மழைத் தண்ணீர். அதை வெட்டிப் புது ஜாயின்ட் போட்டு, மறுபடி மெக்கர் பார்த்த பிறகுதான் லைன் கொடுத்தார். அப்போது விடியற்காலை நான்கு மணி.

அதன்பின் மோட்டார் தலைகீழாகச் சுற்றித் தண்ணீர் ஏறவில்லை. பேஸ் வரிசை மாறியிருந்தது. இரண்டு இணைப்புகளை மாற்றியதும் சரியானது.

இனி நாம் செய்ய வேண்டியவை. சார்ஜ் கொடுக்கும் முன் வீட்டு மெயினை ஆஃப் செய்யுங்கள். கரண்ட் வந்ததும் முதலில் ஒரு விளக்கை மட்டும் போடுங்கள். சில வீடுகளில் விளக்கு மங்கலாகவும் சில வீடுகளில் அதிகப் பிரகாசமாகவும் எரிந்தால் நியூட்ரல் விட்டிருக்கலாம். உடனே மெயினை அணைத்துவிட்டுத் தகவல் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ், ஏசி, டிவி தப்பிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து மற்றவற்றைப் போடலாம். எங்காவது கருகல் வாசனை, சத்தம் இருந்தால் எந்த பிளாக், எந்த நேரம் என்று சொல்லுங்கள். வேலிக்குள் மட்டும் யாரும் போகக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரைக் கொண்டு எல்லா கேபிள்களுக்கும் மெக்கர் சோதனை செய்ய பட்ஜெட்டில் தனித் தலைப்பு வேண்டும். ஒரு ராத்திரி இருட்டில் கிடந்தவர்களுக்கு அந்தச் செலவு பெரிதாகத் தெரியாது. தீர்மானத்தை ஆதரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.