கடலறிவும் கல்வியறிவும்



ஒரு பிரதேசம் பொருளாதாரத்திற் சிறக்க வேண்டுமாயின், அங்கு வாழ்வோரிடம் எத்தகைய தொழிற்றிறன் இருத்தல் வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம். பொருள் பெரிது, பொழுதோ சிறிது. ஆதலால் மன்னார்க் கரையையும், சிறப்பாக விடத்தல்தீவையும் உதாரணமாகக் கொண்டு பேச விரும்புகின்றேன்.

பெயரிலே தீவு என்றிருப்பினும், விடத்தல்தீவு பெருநிலத்தோடு சேர்ந்த ஊர். மாந்தை மேற்குப் பிரிவைச் சேர்ந்தது. முன்னே ஆழங்குறைந்த கடல், கரையிலே கண்டற்காடு. நண்டும் இறாலும் மீனும் கடலட்டையும் இக்கடல் தரும் செல்வங்கள். இங்குள்ள கடற்றொழிலாளருக்குத் திறமை இல்லையென்று எவரும் சொல்லத் துணியார். நீரின் நிறத்தைக் கொண்டு அடிநிலத்தைச் சொல்பவர்கள் அவர்கள். அத்தகைய அறிவிருந்தும் செல்வம் ஏன் ஊரிலே தங்குவதில்லை என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

இவ்வினா புதியதன்று. மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பை எண்ணிப் பாருங்கள். முத்துச் சிப்பிகள் சில ஆண்டுகளிற் பெருகிப் பல ஆண்டுகள் காணாமற்போவது ஏன் என்று ஆராய்வதற்கு, 1902ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து ஹேர்ட்மன் என்னும் பேராசிரியர் வரவழைக்கப்பட்டார். 1906இல் முத்துப்பார்கள் ஓர் ஆங்கிலேயக் கம்பனிக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் வருவாய் வற்றியது. கடலின் அடியைக் கண்டவர்கள் மூச்சடக்கி மூழ்கியவர்கள். அதனைப் பற்றி ஏடெழுதியவர்களும் முடிவு செய்தவர்களும் வேறு யாரோ.

இன்றைய கடலட்டையை எடுத்துக்கொள்வோம். அதனைச் சேகரிப்பது ஒரு தொழில். குடல் நீக்கி, அவித்து, உலர்த்துவது அடுத்த தொழில். இவ்விரண்டையும் நம்மவர் நன்கறிவர். அதனை முட்டையிடச் செய்து குஞ்சு வளர்ப்பது மூன்றாவது தொழில். தாயட்டைகள் கிடக்கும் நீரின் வெப்பநிலையைச் சில பாகை உயர்த்தி அவற்றை முட்டையிடத் தூண்டுவர். கண்ணுக்குப் புலப்படாத குடம்பிகளுக்கு நுண்பாசிகளை வளர்த்து ஊட்டுவர். நீரின் உவர்த்தன்மையை நாடோறும் அளந்து, நுணுக்குக்காட்டியின் கீழ்க் குடம்பிகளை எண்ணிப் பதிவு செய்வர். இதே கடலின் அக்கரையில், தூத்துக்குடியில், 1988ஆம் ஆண்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இம்முறையைச் செய்து காட்டினர். முதலிரு தொழில்களுக்கும் கூலி கிடைக்கும். மூன்றாவதற்குச் சம்பளமும் பதவியும் கிடைக்கும். அம்மூன்றாம் படியில் நிற்பவர் நம் பிள்ளைகளா, வெளியிலிருந்து வருபவரா என்பதே கேள்வி.

பதிவு செய்வது சிறு காரியமன்று. 2015 சனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. 2016 யூனிலேயே அது நீங்கிற்று. நம்மவர் மீன் பிடிக்கத் தெரியாதவர் என்பது காரணமன்று. ஆழ்கடற் கலங்களைக் கண்காணிப்பதிலும் பிடித்ததைப் பதிவதிலும் குறை காணப்பட்டது. வலை வீசும் திறனோடு கணக்கு வைக்கும் திறனும் சேராவிடிற் சந்தை மூடிவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இன்னுமொன்று. விடத்தல்தீவுக் கண்டற்காடும் கடற்பரப்பும் 2016இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2024 மே மாதத்தில், நீருயிரின வளர்ப்புக்கென 168 ஹெக்டேரை அதிலிருந்து நீக்கி வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன; அறிவித்தல் இடைநிறுத்தப்பட்டது. அவ்வாறே, மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாற்று வலுவுள்ள தம்பபவனி நிலையம் 2020 திசெம்பரில் திறக்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் அமைப்பதற்கு எதிராக, வெள்ளநீர் வடிவது தடைப்படும் என்ற அச்சத்தால், 2025இல் மக்கள் வீதிக்கு வந்தனர். பண்ணை வேண்டுமா, காற்றாலை வேண்டுமா என்று இங்கு நான் தீர்ப்புக் கூற வரவில்லை. கண்டல் அழிந்தால் இறால் குஞ்சு எங்கே வளரும், நீர் எவ்வழி ஓடும் என்று அளந்து சொல்லக்கூடிய ஊரவர் பத்துப் பேராவது இருந்தால், நம் அச்சமும் ஆதாரத்தோடு பேசும்; நம் சம்மதமும் விலைபெறும்.

இத்தகையோரை உருவாக்க வழி இல்லாமலில்லை. நமது தேசிய தொழிற் தகைமை முறையில் ஏழு மட்டங்கள் உள. முதல் நான்கும் கைவினைஞர்க்குரிய சான்றிதழ்கள்; ஐந்தும் ஆறும் டிப்ளோமா; ஏழாவது பட்டத்திற்கு நிகர். 2017இற்குப் பின் பாடசாலைகளிலும் உயர்தர வகுப்பிற் தொழிற்பாடத் துறை தொடங்கப்பட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை யேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கடற்றொழில் பற்றிக் கற்பிக்கும் துறையும் உண்டு. ஏணி இருக்கின்றது, ஏறுவோரே குறைவு.

காரணம் என்ன? பல்கலைக்கழகம் புகாத பிள்ளை தோற்ற பிள்ளை என்று பெற்றோர் எண்ணுகின்றனர். தொழிற்கல்வியை அத்தகைய பிள்ளைக்குரிய ஆறுதற் பரிசாகவே ஆசிரியரும் கருதுகின்றோம். போரும் இடப்பெயர்வும் தந்தை மகனுக்குத் தொழில் பழக்கும் தொடரையும் பல குடும்பங்களில் அறுத்துவிட்டன. இதனோடு, பத்தாம் வகுப்பிற் கணிதத்தைக் கைவிட்ட மாணவன் ஐந்தாம் மட்டத்தை எட்டுதல் அரிது என்பதையும் மறத்தலாகாது. எனவே உயர்தொழிற்றிறன் பயிற்சி நிலையத்திலன்று, கிராமப் பாடசாலையின் கணித வகுப்பிலும் விஞ்ஞான கூடத்திலுமே தொடங்குகின்றது.

பயிற்சி மட்டும் போதாது. வேலையின்றிப் பயிற்றினால், அவர்கள் கடல்கடந்து போவார்கள். ஆதலின், இக்கரையில் முதலிட வருவோர் தமக்கு எத்தனை தொழினுட்பவியலாளர் தேவை, எந்தத் தகைமை தேவை என்பதை வேலை தொடங்குமுன் வெளியிடல் வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சியிடமும் ஒதுக்கல் வேண்டும். நண்டுச் சதை பிரிக்கும் வேலையில் அமரும் பெண்கள் அதன் தரத்தைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்திலும் அமர இடமிருத்தல் வேண்டும்.

தந்தை நீரைக் கண்டறிந்ததை மகள் கருவிகொண்டு அளக்கட்டும். அவ்விரு அறிவும் ஒரே வீட்டிற் கூடும் நாளில், கடல் தரும் செல்வத்தின் நியாயமான பங்கு கரையிலே தங்கும்.