நகரசபையும் நமது கடமையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"நகரசபை நமக்கு என்ன செய்தது?" என்னும் கேள்வி நம் ஸ்கெலட்டனில் குழாயடியிலும் தேநீர்க் கடையிலும் எழுகின்றது. கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாலன்றோ பயன் விளையும்?

தங்கச் சுரங்கம் நடந்த காலத்தில் வீடு, நீர், விளக்கு, மருத்துவம் ஆகியவற்றைச் சுரங்க நிர்வாகமே அளித்து வந்தது. குறை நேர்ந்தால் கம்பெனி ஆபீசுக்குச் செல்வதே நம் வழக்கமாயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போயிற்று, பழைய வழக்கம் மட்டும் போகவில்லை. தொழிலாளியாக இருந்து கேட்டவர்கள், இனிக் குடிமக்களாக நின்று கேட்கப் பழகுதல் வேண்டும்.

நகரசபை என்பது யாது? வார்டு தோறும் நாம் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் கூடித் தீர்மானிக்கின்றனர். ஆணையரும் அலுவலரும் அதனை நிறைவேற்றுகின்றனர். வீட்டு வரியும் கட்டணங்களும் அரசு மானியமும் அதன் வருவாய். 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகரசபைகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகள் பதினெட்டினை வகுத்துள்ளது. குடிநீர், துப்புரவு, சாலை, தெருவிளக்கு, இடுகாடு ஆகியவை அவற்றுள் அடங்கும். சபையின் ஆயுள் ஐந்தாண்டு. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு உரியவை. குடம் சுமக்கும் தாய்மார்களே குடிநீரைப் பற்றி முடிவு செய்யும் நாற்காலியிலும் அமரலாம் என்பது இதன் பொருள்.

இத்தகைய ஆட்சி நமக்குப் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபையார் குடவோலை முறையைக் கல்லில் பொறித்தனர். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்திற்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என வகுத்தனர். நிலமுடைய அந்தணருக்கு மட்டுமே உரியதாயிருந்த அச்சபையினும், ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை அளிக்கும் இன்றைய முறையே சிறந்தது. எனினும் அவர்கள் விதித்த ஒரு விதி பொன்னினும் மேலானது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர், அவருடைய நெருங்கிய உறவினரும் அவ்வாறே.

ரயில்வே எழுத்தனாகிய நான் இதன் அருமையை நன்கறிவேன். டிக்கெட் கவுண்டரில் அன்றாட வசூல் அன்றாடமே கணக்கோடு ஒத்துவர வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். ஊர்ப் பணத்திற்கு அதனினும் குறைந்த காவல் போதுமா?

ஆகவே மூன்று வேண்டுகோள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் உள்ளதா எனத் தேர்தலுக்கு முன்பே பாருங்கள். வரவு செலவுத் திட்டம் தயாராகும் நாளில், தெருவின் தேவையை எழுதி, பலரும் கையொப்பமிட்டுக் கொடுத்து, ரசீது பெறுங்கள். ஆண்டிறுதியில் செலவுக் கணக்கைக் கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும்.

மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பதை நம் சங்கம் தன் பணியாக ஏற்குமாயின், இவ்விழா ஒரு நாளோடு முடியாது; ஆண்டு முழுதும் பயன் தரும் எனக் கூறி அமைகின்றேன்.