அலையைப் படம் பிடித்தல்

மலைக்கு ஓர் உருவம் உண்டு. மரத்துக்கும் உண்டு. நீருக்கோ தனக்கென ஓர் உருவம் இல்லை. காற்று அதற்குக் கணந்தோறும் ஓர் உருவத்தைக் கொடுக்கிறது. மறு கணமே அதனைப் பறித்தும் விடுகிறது. அலையானது கரையை நோக்கி ஓடிவருவதாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது. ஆனால், ஆழமான நீரில் மிதக்கும் ஒரு சருகைக் கவனித்தால் உண்மை விளங்கும். அலை வரும்போது சருகு எழுகிறது. சற்றே முன் சென்று, தாழ்ந்து, ஏறத்தாழ இருந்த இடத்துக்கே மீள்கிறது. ஓடிவருவது நீரன்று; நீரின் அசைவே. ஆகவே, அலையைப் படம் பிடிக்க விரும்புவோர் ஒரு பொருளையன்று, ஒரு நிகழ்ச்சியையே பிடிக்க முயல்கின்றனர். அந்த முயற்சியில் கமரா எவ்வளவு தூரம் உண்மை பேசுகிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பிரெஞ்சு நாட்டுப் படக்கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857 ஆகிய ஆண்டுகளில் கடற்காட்சிகள் பலவற்றைப் படமாக்கினார். அக்காலத்துக் கண்ணாடித் தட்டுகள் நீல ஒளியை மிகையாக ஏற்பவை. கடல் தெளிவாக விழும்வரை ஒளியை விட்டால், வானம் முகிலின்றி வெறும் வெண்மையாகிவிடும். முகில் தெரியும்படி எடுத்தாலோ கடல் இருண்டுவிடும். எனவே லெ கிரே கடலுக்கு ஒரு தட்டும் வானுக்கு வேறொரு தட்டுமாக எடுத்து, அடிவானக் கோட்டில் இரண்டையும் இணைத்து அச்சிட்டார். தென் பிரான்சின் செத் துறைமுகத்தில் எடுத்த ‘பேரலை’ என்னும் புகழ்பெற்ற படமும் இவ்வாறு அமைந்ததே. ஒரே வானத்தை அவர் வெவ்வேறு கடல்களின் மேலும் வைத்ததுண்டு. அப்படங்கள் பொய்யா? கண் ஒருங்கே கண்டதைத் தட்டு ஒருங்கே காண இயலாதபோது, அக்குறையை அவர் கைத்திறனால் நிரப்பினார். எனினும், அந்தக் கடலின் மேல் அந்த நேரத்தில் அந்த முகில் நின்றது என்று சாட்சி சொல்ல அப்படத்துக்கு உரிமை இல்லை.

இதற்கு மறுதலையான வரலாறு ஒன்றும் உண்டு. ஆங்கிலேய பௌதிக அறிஞர் ஆதர் வொர்திங்ரன், துளி விழும்போது நீர் தெறிக்கும் விதத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். இருளில் ஒரு மின்பொறியை ஒளிரச் செய்து, கண்ணில் பதிந்த உருவத்தை உடனே கையால் வரைவது அவர் வழக்கம். அவர் வரைந்த தெறிப்புகள் எல்லாப் பக்கமும் ஒத்து, மணிமுடி போல் ஒழுங்காக விளங்கின. 1894ஆம் ஆண்டில் அதே தெறிப்பைப் படமாகப் பிடிக்க அவரால் முடிந்தது. படத்தில் அந்த ஒழுங்கு காணப்படவில்லை. ஓரிடம் உயர்ந்தும் ஓரிடம் சிதைந்தும் இருந்தது. காணாத ஒழுங்கை மனமே இட்டு நிரப்பியிருந்தது என்பதை அவர் உணர்ந்தார். லெ கிரேயிடம் தட்டின் குறையைக் கலைஞர் திருத்தினார். வொர்திங்ரனிடம் மனத்தின் குறையைத் தட்டு திருத்தியது.

காற்று வீசும் ஏரிக்கரையில் இவ்விரு பாடங்களும் ஒருங்கே பயன்படும். சுவிற்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே பிறை வடிவில் கிடக்கும் ஜெனீவா ஏரி 73 கிலோமீற்றர் நீளமானது. அல்ப்ஸ், யூரா என்னும் இரு மலைத்தொடர்களுக்கும் இடையே நெருக்குண்டு, வடகிழக்கிலிருந்து குளிர்காற்று அதன்மேல் பாய்கிறது. அதனைப் ‘பீஸ்’ என்று அங்குள்ள மக்கள் அழைப்பர். காற்று நீரின் மேல் எவ்வளவு தூரம் தடையின்றி ஓடுகிறதோ அவ்வளவுக்கு அலை வளரும். சமுத்திரத்தின் நெடுந்தூரம் ஏரிக்கு இல்லாமையால், ஏரியின் அலைகள் குறுகியனவாய், செங்குத்தாய், அடுத்தடுத்து வருகின்றன. நன்னீரில் எழும் நுரைக்குமிழிகள் கடல்நுரை போல் நிலைப்பதுமில்லை, விரைவில் உடைந்துவிடும். ஆகவே ஏரிக்கரையில் படம் எடுப்போருக்குக் கடற்கரையிலும் குறைந்த அவகாசமே கிடைக்கிறது.

கமராவின் மூடி செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்தால், ஒவ்வொரு துளியும் கண்ணாடி மணி போல் வானில் நிற்கும். பதினைந்தில் ஒரு பங்கு திறந்தால், நீர் இழை இழையாக நீளும். பல செக்கன்கள் திறந்திருந்தால், கொந்தளிக்கும் ஏரியும் பனிமூட்டம் போல் அமைதி கொள்ளும். இம்மூன்றில் எதனையும் மனிதக் கண் கண்டதில்லை. ஆயினும் மூன்றும் நீரிலிருந்து வந்த ஒளியே. எடுப்பவர் தெரிவு செய்வது காலத்தின் அளவையே.

வேறு சில நுட்பங்களும் உள. ஒளிமானி வெண்ணுரையைச் சாம்பல் நிறமாக்கிவிட முயலும். ஆதலால் சற்று அதிக ஒளி விடவேண்டும். கதிரவன் அலைக்குப் பின்னால் தாழ்ந்திருக்கும்போது, முகட்டின் மெல்லிய நீர் ஒளியை ஊடுருவவிட்டுப் பச்சை காட்டும். முக்காலியைத் தாழ்த்தி, அதிலே பாரம் தொங்கவிட்டால் காற்றின் அதிர்வு குறையும். வில்லையில் படியும் திவலைகளை இடையிடையே துடைத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கரையில் இறங்குமுன் சில நிமிடங்கள் அலைகளை எண்ணிப் பார்த்தல் நன்று. பத்து அலை சிறிதாய் வந்தபின் பதினோராவது பெரிதாய் வரக்கூடும். நீருக்கு முதுகு காட்டி நிற்பவர்க்கு அது முன்னறிவித்தல் கொடுக்காது. எந்தப் படமும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

2012ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள வெர்சுவாவில் பீஸ் காற்று கடுங்குளிரோடு வீசியது. கரையேறிய திவலைகள் மரங்களிலும் இருக்கைகளிலும் நிறுத்தியிருந்த வண்டிகளிலும் உறைந்து, தடித்த பனிக்கட்டிப் போர்வையாயின. காற்று எத்திசையில் வீசியது, நீர் எவ்வளவு தூரம் தெறித்தது என்பவற்றை அக்கட்டியே காட்டிற்று.

அதே ஏரியின் கரையிலே பிறந்த அறிஞர் போரெல், எந்தக் கமராவும் காட்ட இயலாத ஓர் அலையை ஆராய்ந்து விளக்கியவர். ஏரி முழுவதும் ஒரு தொட்டி நீர் போல் அங்குமிங்கும் ஆடுகிறது. ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 73 நிமிடங்கள் செல்லும். நீர்மட்டத்தை இடைவிடாது பதியும் கருவியை வைத்து, அவர் அதனை அளந்தார். நாளும் நேரமும் அளவும் குறித்து வைத்தமையாலேயே அவருடைய பதிவுகள் இன்றும் அறிஞருக்குப் பயன் தருகின்றன.

அலையைப் படம் பிடிப்போரும் இதனைப் பின்பற்றலாம். படத்தின் பின்புறத்தில் இடம், நாள், காற்றின் திசை, மூடி திறந்திருந்த நேரம் ஆகிய நான்கையும் எழுதிவைத்தல் வேண்டும். இரு படங்களை இணைத்திருந்தால் அதனையும் மறைக்காது குறித்தல் வேண்டும். அழகிய படம் கண்ணுக்கு விருந்தாகும். அந்நான்கு குறிப்புகளும் சேர்ந்தால், அது பின்வருவோர் நம்பத்தக்க சாட்சியமும் ஆகும்.