பச்சை முத்திரையை உரசிப் பார்ப்பது யார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நகைக் கடையில் சங்கிலி வாங்கும் தாய்மார்கள் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள். 916 முத்திரை இருக்கிறதா என்று தேடுவார்கள். பிறகும் ஐயம் தீரவில்லையென்றால் பத்தரிடம் கொடுத்து உரசிப் பார்க்கலாம். முத்திரை பொய் சொன்னாலும் தங்கம் பொய் சொல்லாது.

பசுமை எரிபொருளுக்கு அந்த வசதி இல்லை. காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து எடுத்த ஹைட்ரஜனும், இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்த ஹைட்ரஜனும் சுத்திகரித்த பிறகு ஒன்றுதான். நிறம் இல்லை, மணம் இல்லை, எரியும் விதத்திலும் வேறுபாடு இல்லை. வாங்குபவர் கூடுதல் விலை கொடுப்பது அது பிறந்த கதைக்குத்தான். அந்தக் கதை உண்மைதானா என்பதே இன்றைய கேள்வி.

வேறுபாடு எங்கே இருக்கிறது?

உலகம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 கோடி டன் ஹைட்ரஜனைப் பயன்படுத்துகிறது. உரம் செய்யவும் எண்ணெய் சுத்திகரிக்கவும் பெரும்பகுதி போகிறது. இதில் மாசு குறைந்த முறையில் தயாராவது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. எரிவாயுவிலிருந்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

தண்ணீரைப் பிரித்து எடுத்தால் மாசு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் முழு உண்மையன்று. 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தேவை. அந்த மின்சாரம் நிலக்கரியில் பிறந்ததென்றால், 1 கிலோவுக்குச் சுமார் 50 கிலோ கரியமில வாயு என்ற கணக்கு வரும். எரிவாயு முறையைவிட ஐந்து மடங்கு மோசம்! இயந்திரம் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான். மின்கம்பியின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இல்லாத எண்ணெய்க்கு விற்ற சான்று

இதில் ஏமாற்ற முடியுமா? முடியும் என்று அமெரிக்காவில் ஒருவர் காட்டிவிட்டார். அங்கே உயிரி டீசல் தயாரிப்பவர்களுக்கு, தயாரித்த அளவுக்கு ஏற்பச் சான்று எண்கள் கிடைக்கும். எண்ணெய் நிறுவனங்கள் அவற்றைக் காசு கொடுத்து வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த ஓர் ஆடவர், உணவகங்களிலிருந்து பழைய சமையல் எண்ணெயைச் சேகரித்து டீசல் தயாரிப்பதாகச் சொல்லி, 2009, 2010 ஆண்டுகளில் 90 லட்சம் டாலர் பெறுமானமுள்ள சான்றுகளை விற்றார். அவர் ஒரு சொட்டு டீசல்கூடத் தயாரிக்கவில்லை. கணினியில் எண்களைத் தட்டியதுதான் அவர் செய்த தொழில். 2013-இல் அவருக்குப் பன்னிரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சான்றுகளும் மின்னிலக்கச் சான்றுகளே. காகிதத்தைக் கணினிக்குள் ஏற்றிவிட்டால் மட்டும் பொய் உண்மையாகிவிடாது.

மணிக்கு மணி கணக்கு

அப்படியென்றால் புதிய முறையில் என்ன மாற்றம்? மனிதர் தட்டும் எண்ணுக்குப் பதிலாக மின்மானியின் கணக்கு நேரடியாகப் பதிவாக வேண்டும். சூரிய மின்நிலையம் எந்த மணியில் எவ்வளவு கொடுத்தது, ஹைட்ரஜன் ஆலை அதே மணியில் எவ்வளவு எடுத்தது என்று இரண்டையும் ஒப்பிட வேண்டும். நண்பகல் வெயிலைக் காட்டி நள்ளிரவில் ஓடிய இயந்திரத்துக்குப் பசுமைச் சான்று வாங்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் வகுத்த விதியின்படி இப்போதைக்கு மாதக் கணக்குப் பொருந்தினால் போதும். 2030 முதல் மணிக்கு மணி பொருந்த வேண்டும்.

ஒவ்வொரு சான்றுக்கும் தனி எண் உண்டு. அது கைமாறும்போது பதிவாகும். எரிபொருளைப் பயன்படுத்தியதும் அந்த எண் ரத்தாகும். பேருந்துச் சீட்டைக் கிழிப்பது போன்றதுதான். கிழிக்காத சீட்டில் இரண்டு பேர் பயணம் செய்துவிடலாம் அல்லவா? ஸ்பெயினின் மயோர்கா தீவில் உள்ள ஹைட்ரஜன் ஆலைக்காக, பிறப்பிடத்தைத் தொடர்ந்து காட்டும் பிளாக்செயின் பதிவேடு ஒன்றே உருவாக்கப்பட்டது. ஒருமுறை எழுதியதை யாரும் ஓசைப்படாமல் மாற்ற முடியாது என்பதே பிளாக்செயினின் பலம். ஆனால் முதலில் எழுதியதே பொய்யென்றால், அழிக்க முடியாத பொய்யாக அது நிலைத்துவிடும். எனவே மின்மானிக்கு முத்திரை வைக்கவும், ஆலைக்குள் நேரில் போய்ப் பார்க்கவும் ஆள் வேண்டும்.

அளவுகோலும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கரியமில வாயு வரை என்கிறது இந்தியா. அங்கே 2025-இல் தேசியச் சான்றளிப்புத் திட்டமும் வந்துவிட்டது. ஐரோப்பாவின் வரம்பு ஏறத்தாழ 3.4 கிலோ. ஓர் ஊரில் பசுமையானது இன்னோர் ஊரில் பசுமையாகாமல் போகலாம்.

வாசலுக்கு வந்த சோதனை

இது எங்கோ நடக்கும் விவகாரம் என்று இங்குள்ளவர்கள் ஒதுங்க முடியாது. சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் உள்ள நெஸ்டே ஆலை, 2023-இல் முடிந்த விரிவாக்கத்துக்குப் பிறகு, ஆண்டுக்கு 10 லட்சம் டன் வரை விமான எரிபொருள் தயாரிக்கும் திறன் பெற்றது. பயன்படுத்திய சமையல் எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் அதன் மூலப்பொருள்களில் அடங்கும். வடை பொரித்த எண்ணெய்க்கும் கோரேங் பீசாங் பொரித்த எண்ணெய்க்கும் இன்று ஏற்றுமதிச் சந்தை இருக்கிறது.

மலேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்காக 1 கிலோ செம்பனை எண்ணெய்ப் பொட்டலம் அரசாங்க உதவித் தொகையுடன் 2 வெள்ளி 50 காசுக்கு விற்கப்படுகிறது. பழைய எண்ணெய்க்கு அதைவிடக் கூடுதல் விலை கிடைக்கும்போது என்ன நடக்கும்? பொட்டலத்தைப் பிரித்துப் பீப்பாயில் ஊற்றி, ‘பயன்படுத்தியது’ என்று பெயர் மாற்றும் ஆசை சிலருக்கு வரத்தான் செய்யும். அப்போது மளிகைக் கடையில் ஏழைத் தாய்க்கு எண்ணெய் இருக்காது. விமானத்தில் போகிறவரோ வானத்துக்கு நன்மை செய்ததாக நினைத்துக்கொள்வார். பொய்ச் சான்றுக்கு விலை கொடுப்பது அந்தத் தாய்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் திரவ எரிபொருளுக்காக 2024-இல் ஒரு பொதுத் தரவுத்தளத்தைத் தொடங்கியதன் நோக்கமும் இத்தகைய புரட்டைத் தடுப்பதே. ஆனால் சங்கிலியின் முதல் கண்ணி தரவுத்தளத்தில் இல்லை. உணவகத்தின் பின்வாசலில் இருக்கிறது. எத்தனை லிட்டர் வாங்கினார்கள், எத்தனை லிட்டர் மீந்தது என்ற கணக்கு அங்கேயே தொடங்க வேண்டும்.

சரவாக் மாநிலம் நீர்மின்சாரத்தைக் கொண்டு ஹைட்ரஜன் தயாரித்து ஏற்றுமதி செய்யத் திட்டமிடுகிறது. 2,400 மெகாவாட் திறனுள்ள பாக்குன் அணை அங்கேதான் இருக்கிறது. நீர்மின்சாரம் புதுப்பிக்கத்தக்கது என்று சான்றிதழ் சொல்லும், அது உண்மையே. அந்த அணைக்காகச் சுமார் 10,000 பூர்வகுடி மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறியதைப் பிறப்பிடச் சான்றின் எண் சொல்லாது. சான்றிதழ் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் தரும். எதைக் கேட்க வேண்டும் என்பதை மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே நேயர்களே, இனிமேல் விமானச் சீட்டிலோ பேருந்தின் பக்கவாட்டிலோ ‘பசுமை எரிபொருள்’ என்ற பச்சை எழுத்தைப் பார்த்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எங்கே பிறந்தது? எந்த நேரத்தில் பிறந்தது? அந்தச் சான்று எண் ரத்தாகிவிட்டதா? 916-ஐத் தேடிப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது கடினமான வேலையன்று.